முள்ளுசந்திரத்தில் நாங்கள் ராஜ்யம் அமைத்த விவரம்

முள்ளுசந்திரம்,
மத்திகிரி வழி, ஓசூர் தாலுக்கா.
1956, மார்கழி முதல் வாரம்.

மதராஸில் காலேஜ் உபாத்தியாயராக வீற்றிருக்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி சின்னராஜுக்கு, உன் அக்காள் ருக்மணியின் வீட்டுக்காரனும் உனக்கு மாமாவுமான சென்னகிருஷ்ணன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் அக்காள், ஏர் மாடுகள், எருமைகள் எல்லோரும் சௌடம்மா தயவில் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் சம்சாரம் நாகம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நம்பாவிட்டாலும் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். ஊரைப் பற்ற வைத்துவிட்டு மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனவனுக்குச் சௌக்கியத்தில் என்ன குறை வரும்? நீ போன பிறகு இங்கே நடந்ததை யாரும் உனக்கு எழுதியிருக்கமாட்டார்கள். உன் அக்காள் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனாலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவனுக்குத் தன் பாடம் என்ன பாடு பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, மத்தியானம் வயிறு நிறையக் கஜ்ஜாயம் தின்றுவிட்டு, நம் களத்து மேட்டில் கல்லின்மேல் உட்கார்ந்து ஊராருக்கு ஒரு பிரசங்கம் செய்தாயே, நினைவிருக்கும். அதற்குக் காரணம் அந்தக் கரியப்பன். நம் மணியக்காரர் இடுப்பு ஒடிந்து திருப்பத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார், புது ஆள் வரும்வரை பொறுங்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். போதாததற்கு ராஜ்ய எல்லையெல்லாம் திருத்தி வரைகிறார்கள், நம் ஊர் மதராஸோடு இருக்குமா ஆனேக்கல்காரர்களோடு சேர்ந்து மைசூருக்குப் போகுமா என்று சந்தைக்குச் சந்தை ஒரு பேச்சு. அதனால் கரியப்பன் உன்னிடம், "மணியக்காரரும் இல்ல, எந்த ராஜ்யம்னும் தெரியல. இப்ப நாம யாருக்குப்பா அடங்கி நடக்கணும்? என்னாத்துக்கு நடக்கணும்?" என்று கேட்டான். வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்ட கேள்வி. நீ சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆதியில் ராஜாவும் கிடையாது, சட்டமும் கிடையாது, ஒருவனைக் கண்டு ஒருவன் பயந்துகொண்டு கிடந்தார்கள், பிறகு எல்லோரும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்து, என் இஷ்டத்தில் கொஞ்சம் நான் விட்டுக்கொடுக்கிறேன், உன் இஷ்டத்தில் கொஞ்சம் நீ விட்டுக்கொடு, இரண்டையும் சேர்த்து ஒருத்தன் கையில் கொடுப்போம், அவன் நம்மைக் காக்கட்டும் என்று ஏற்படுத்திக்கொண்டதுதான் அரசாங்கம் என்றாய். நாம் ஒப்புக்கொண்டதால்தான் அதற்கு அதிகாரம், காக்காவிட்டால் ஒப்பந்தம் முறிந்தது என்றும் சொன்னாய். கரியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கவனமாகக் கேட்டான். அவன் கவனமாகக் கேட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கஜ்ஜாய மயக்கத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீ போன வாரமே ஊரில் கூட்டம் போட்டார்கள். அதற்கு அவசியமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மணியக்காரர் இல்லாததால் ஏரி மதகை அவனவன் இஷ்டத்துக்குத் திறக்க ஆரம்பித்திருந்தான். மதகு பார்க்கிற ஆஞ்சப்பன், "நான் மூடிட்டு வூட்டுக்குப் போயி களி தின்னுட்டு வர்றதுக்குள்ள தொறந்து கெடக்குது. பேயி தொறக்குதா, ஆளு தொறக்குதான்னு தெரியல" என்று தினமும் புலம்பினான். மாடு ஒருவன் ராகியில், ஆடு ஒருவன் அவரையில். ஆகவே ஆண்கள் எல்லோரும் சௌடம்மா கோயில் முன்னால் கூடி, கற்பூரம் கொளுத்தி, ஒவ்வொருவராக வந்து கையால் அதை அறைந்து அணைத்து, ஏரி விஷயத்திலும் பயிர் விஷயத்திலும் தலைவன் சொல்வதற்குக் கட்டுப்படுகிறேன் என்று சத்தியம் செய்தோம். மீறினவன் ஏரியில் வண்டல் வெட்டிக் கரையில் கொட்ட வேண்டும், அதுதான் தண்டனை. தலைவன் யார் என்பதில்தான் சிக்கல். கரியப்பனுக்குத் தான் இருக்கவேண்டும் என்று ஆசை. ஆஞ்சப்பனுக்குக் கரியப்பன் இருக்கக் கூடாது என்று ஆசை. மற்றவர்களுக்கு இரண்டு பேருமே கூடாது. நான் கோயில் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கரியப்பன்தான் என்னைக் காட்டி, "இவரு இருக்கட்டும். இவரு யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டாரு" என்றான். அதைக் கேட்டதும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அப்படித்தான் சின்னராஜ், உன் மாமா முள்ளுசந்திரத்துக்குத் தலைவன் ஆனான். உன் பிரசங்கத்தில் பலசாலியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதுபோல ஏதோ சொன்னாய். இங்கே அப்படி இல்லை.

முதல் சில நாள் நன்றாகவே போயிற்று. நான் தெருவில் நடந்தால் இரண்டு பேர் பீடியை மறைத்தார்கள். சந்தைக்குப் போகும் வண்டியில் முன்னால் உட்காரச் சொன்னார்கள். உன் அக்காள்கூட ஒருநாள் வெந்நீர் கேட்காமலே வைத்தாள், அல்லது அவளுக்கு வைத்திருந்ததை நான் எடுத்துக் குளித்துவிட்டேன், அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. பிறகு முதல் வழக்கு வந்தது. நஞ்சம்மாவின் ஆடுகள் கரியப்பனுடைய அவரைக் கொல்லையில் புகுந்து பாத்தியோடு மேய்ந்துவிட்டன. நஞ்சம்மாவை உனக்குத் தெரியும், ஏரிக்கோடிப் பக்கம் குடிசை, கூலி வேலைக்குப் போகிறவள், அவள் புருஷன் சென்றாயன் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். கரியப்பன் பிடுங்கின அவரைக்கொடியைக் கையில் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். நான் நஞ்சம்மாவைக் கூப்பிட்டு வரச்சொல்லி ஆஞ்சப்பனை அனுப்பினேன். ஆஞ்சப்பன் போய்விட்டு வந்து, "வரமாட்டாளாம். வேலை இருக்குதாம்" என்றான். மறுபடி அனுப்பினேன். "இன்னும் இருக்குதாம்" என்றான். தலைவன் போகக் கூடாது, ஆனால் கரியப்பன் வாசலை விட்டு நகர்வதாக இல்லை. நானே போனேன்.

அவள் ஆடுகளுக்கு அரசந்தழை கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க, ஒக்காருங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். உட்கார இடம் இல்லை, நின்றேன்.

"நஞ்சம்மா, உன் ஆடு அவரையில பூந்திருக்குது. ஊரு ஒப்பந்தப்படி நீ வண்டல் வெட்டணும்."

"எந்த ஒப்பந்தம்?"

"கற்பூரம் அணைச்சமே, அது. உன் வூட்டுக்காரன் சென்றாயன்கூட வந்து அணைச்சானே."

"அவரு அணைச்சாரு, அவரு கை சுட்டுது. என் கை சுடலையே."

"குடும்பத்துக்கு ஒருத்தர் அணைச்சா போதும்மா."

"அப்படின்னு யாரு சொன்னது? ஆடு என்னுது. எங்கம்மா வூட்டுல குடுத்தாங்க. அவரு ஒப்புக்கிட்டாருன்னா அவரு ஆட்டை அடக்கி வெச்சிக்கட்டும். அவருக்கு ஆடே கெடையாது."

இந்த இடத்தில்தான் நீ சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. வாயால் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் ஊர்ப் பாதையில் நடந்தால், ஊர்த் தண்ணீரைக் குடித்தால், மனதுக்குள் ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம் என்றாயே. அதை அவளிடம் எடுத்து விட்டேன். நஞ்சம்மா தழைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"நான் கல்யாணம் ஆயி இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து அந்த ஏரித் தண்ணிய குடிக்கிறன். உங்க ஒப்பந்தம் போன வாரம் வந்தது. தண்ணி முழுங்கறதும் தலையாட்டறதும் ஒண்ணுன்னா, உங்க எருமையும் ஒப்பந்தத்துல இருக்குது. அதுங்ககிட்ட போயி வண்டல் வெட்டச் சொல்லுங்க."

"ஒப்புக்கலைன்னா நீ ஊருக்கு வெளியே ஆயிடுவே நஞ்சம்மா. உன் ஆட்டுக்கு யாரும் காவல் இல்ல."

"இதுக்கு முன்னால யாரு காவல் இருந்தா? நரி வந்தப்ப நான்தான் கம்பு எடுத்துக்கிட்டு ஓடுனன். ஒப்புக்கலைன்னா ஒப்புக்கல. கன்னடத்துல சொல்லட்டுமா, ஒப்பல்ல. தெலுங்குல வேணுமா, ஒப்புக்கோனு. போயி கரியப்பன்கிட்ட எந்த பாசையில புரியுமோ அதுல சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து உன் அக்காளிடம் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்தாள். இந்த நஞ்சம்மாவின் திமிரைப் பார்த்தாயா என்று அவளும் என்னோடு சேர்ந்து நாலு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துடுப்பை நிறுத்தினாள். களி கிண்டும்போது துடுப்பை நிறுத்துகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். "அது சரி, என்னையும் யாரும் கேக்கலையே" என்றாள். "நான் எந்தக் கற்பூரத்தை அணைச்சன்?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் துணி துவைக்கிற கல்லில் இந்தப் பேச்சு ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஆணும் தன் வீட்டுக்காரி வாயால் இதே கேள்வியைக் கேட்க வேண்டியதாயிற்று. ஊரில் பாதிப் பேர் ஒப்பந்தத்தில் இல்லை சின்னராஜ். உன் பிரசங்கத்தில் ஆதியில் எல்லோரும் கூடி ஒப்புக்கொண்டார்கள் என்றாயே, அந்தக் கூட்டத்துக்குப் பெண்பிள்ளைகள் வந்திருந்தார்களா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை கஷ்டம் இல்லை.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சண்டையே கிடையாது. சமையல் நடந்தது, சாணி அள்ளினார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள், பேச்சில் கசப்பு இல்லை. ஏரி வேலைக்கு மட்டும் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்கினால் கரைக்கு மண் போடுவது வருஷா வருஷம் நடப்பது, ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்து கொட்டுவார்கள். இந்த வருஷம் அது தலைவன் உத்தரவு என்று ஆகிவிட்டதால், உத்தரவு எங்களுக்கு இல்லையே என்று இருந்துவிட்டார்கள். நான் உன் அக்காளிடம் தலைவனாகச் சொல்லிப் பார்த்தேன், பிறகு புருஷனாகச் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் சொல்வதைக் கேட்டு இந்த வீடு நடப்பதாக நினைத்திருந்தேன். அவள் தட்டில் களியை உருட்டி வைத்து, நடுவில் குழி செய்து, கொள்ளுச் சாறு ஊற்றி, "இது உத்தரவுக்குப் போடல. பசிக்குமேன்னு போடறன்" என்றாள். அதை எப்படித் தின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். நன்றாகத்தான் இருந்தது.

ஆண்கள் மறுபடி கூடினோம். கரியப்பன், "பொம்பளைங்களுக்கும் சேர்த்துத்தான நாம அணைச்சோம், அதைப் போயி சொல்லிட்டா முடிஞ்சுது" என்றான். ஆஞ்சப்பன், "சரி, எங்க வூட்டுல இருந்து ஆரம்பிங்க. நீங்க போயி சொல்லுங்க, நான் இங்கயே இருக்கறன்" என்றான். யாரும் எழுந்து போகவில்லை. அப்புறம் ஒருவன், பாதி ஊர் கட்டுப்படாதபோது நான் மட்டும் ஏன் கட்டுப்படணும் என்று கேட்டான். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது, அதனால் எல்லோரும் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பட்டப்பகலில் கரியப்பனே மதகைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். ஏன்பா என்று போய் நின்றேன். "எங்க அவரையை ஆடு தின்னுது, நீங்க காப்பாத்தல. காப்பாத்தாட்டி ஒப்பந்தம் முறிஞ்சுதுன்னு உங்க மச்சான்தான சொன்னாரு" என்றான். காலேஜில் உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் யாராவது உன் பாடத்தை இவ்வளவு சுத்தமாகத் திருப்பிச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். அன்றோடு யாரும் பீடியை மறைக்கவில்லை.

இதற்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிகிற கோடியில் நுரை தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் ஆஞ்சப்பன் தலையில் துண்டுகூட இல்லாமல் ஓடி வந்து, "மதகுக்குப் பக்கத்துல கரை ஒழுகுது. நண்டு வளை ஒண்ணு, தண்ணி கலங்கலா வருது" என்றான். தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் கரையின் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். கரைக்குக் கீழே மொத்த ஊர் நெல்லும் பால் பிடித்து நிற்கிறது. அதற்கும் கீழே, பள்ளத்தில், ஆஞ்சப்பன் வீடு உள்பட ஒரு தெருவே இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். கை நுழைகிற அளவு ஓட்டை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை நுழைகிற அளவு ஆயிற்று.

ஆண்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். வந்து, நின்றார்கள். மண் எங்கே வெட்டுவது? பக்கத்தில் இருக்கிற மேட்டு நிலம் கரியப்பனுடையது. அவன் அதன் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்று, "ஆகல்ல, ஆகல்ல" என்று, முடியாது என்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது. எங்கள் ராகி முளைத்து நிற்கிறது, இன்னொருத்தன் நிலத்தில் வெட்டு என்கிறான். இன்னொருத்தன் நிலம் ஒரு கல் தூரத்தில். நான் தலைவன் என்ற முறையில் வெட்டுங்கள் என்றேன். யாரும் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. வெட்டினாலும் சுமக்க ஆள் இல்லை. பெண்கள் எல்லோரும் கோயில் மேட்டில், கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நஞ்சம்மா. அவளுக்குப் பக்கத்தில் உன் அக்காள்.

நான் மேட்டின்மேல் ஏறிப்போனேன். வழுக்கி ஒருதரம் விழுந்தேன், வேட்டியெல்லாம் சேறு. அந்தக் கோலத்தில் போய் நின்று, "எல்லாரும் வாங்கம்மா" என்றேன்.

நஞ்சம்மா, "உத்தரவா, கூப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

"கூப்பிடறன்."

"கூப்பிட்டா வர்றோம். ஆனா ஒரு பேச்சு இருக்குது."

"அம்மா, கரை போயிக்கிட்டிருக்குது."

"அதனாலதான் இப்பவே பேசறன். கரை நின்னப்புறம் யாரு எங்க பேச்சக் கேப்பீங்க? மதகு எப்பத் தொறக்கறது, எப்ப மூடறதுன்னு பேசற எடத்துல நாங்களும் இருப்போம். துணி தொவைக்கிற கல்லுகிட்ட யாரும் மாட்டைக் கழுவக் கூடாது. ஏரி உள்வாயில, தண்ணி ஏறாத பக்கம், ஆடு மேய ஒரு ஓரம் வுடணும், வுட்டா அவரைக்குப் போவாது."

நான் சரி, சரி, சரி என்றேன். உன் அக்காள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நீங்க சரிம்பீங்க. அவங்க?" என்று கீழே காட்டினாள். நான் அங்கிருந்தே கையை வாய்க்குக் குவித்து, எல்லாவற்றையும் கீழே நின்ற ஆண்களுக்குக் கத்திச் சொன்னேன். மழைச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கேட்காதவர்கள் கேட்டவர்கள் ஆட்டுவதைப் பார்த்து ஆட்டினார்கள். நீ சொன்ன ஆதிகால ஒப்பந்தமும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. பெண்கள் கூடையோடு மடமடவென்று இறங்கினார்கள். நஞ்சம்மா நேராகக் கரியப்பன் நிலத்துக்குப் போய், "இங்க வெட்டுங்க" என்று காலால் கோடு கிழித்தாள். கரியப்பன் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் சம்சாரம் பாப்பம்மா, அவளுடைய ராகிதான் அது, அவள் நட்டதுதான், முதல் வெட்டை அதிலேயே போட்டுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு அவனும் வெட்ட ஆரம்பித்தான்.

அப்புறம் மத்தியானம் வரைக்கும் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான் உன் அக்காளுக்கும் ஆஞ்சப்பனுக்கும் நடுவில் நின்று கூடை வாங்கி மாற்றினேன். வெறும் மண் நிற்கவில்லை, போடப்போட அடித்துக்கொண்டு போயிற்று. வைக்கோல் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்க்கிறேன், நம் வைக்கோல் போரில் பாதி, கட்டுக்கட்டாக, ஏரிக்கரைக்கு நடந்து வருகிறது. உன் அக்காள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எருமை கோடையில் எதைத் தின்னும் என்று யோசித்தாளா என்று தெரியாது. என்னை யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன், அதற்குள் கரை போயிருக்கும். வைக்கோலைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, மேலே மண்ணைக் கொட்டி, எல்லோரும் ஏறி நின்று மிதித்தோம். மிதிக்க மிதிக்கத் தண்ணீர் குறைந்து, கடைசியில் கசிவு தெளிவாக வந்தது. ஆஞ்சப்பன் குனிந்து அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்று சொல்ல வந்தவன் அழுதுவிட்டான். அவன் வீடு பள்ளத்தில் இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா. கரியப்பன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டு எத்தனையோ காலம் ஆகிறது. பாப்பம்மா பெரிய சட்டியில் களி கிண்டிக்கொண்டு வந்தாள், கரைமேலேயே நனைந்தபடி தின்றோம்.

அங்கே உட்கார்ந்து யோசித்தேன் சின்னராஜ். சத்தியம் செய்தபோது கட்டுப்படாதவர்கள், சத்தியம் முறிந்துபோன பிறகு எதற்குக் கட்டுப்பட்டார்கள்? பயமா? தண்ணீருக்குப் பயந்தோம், உண்மைதான், ஆனால் பயந்தவன் தன் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கலாம், யாரும் ஓடவில்லை. நஞ்சம்மா சொன்னால் கேட்க வேண்டும் என்று யாருக்கும் கடன் இல்லை. அவள் சொன்னது சரியாக இருந்தது, அவளும் கூடை தூக்கினாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு உங்கள் சாஸ்திரத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

மழை விட்டபிறகு சௌடம்மா கோயிலில் மறுபடி கற்பூரம் கொளுத்தினோம். இந்தத் தடவை பெண்களும் அணைத்தார்கள். சென்றாயன் மறுபடி அணைக்க வந்தபோது நஞ்சம்மா, "நீங்க போன தடவையே அணைச்சிட்டீங்க, தள்ளுங்க" என்றாள். நான் எழுந்து, தலைவர் பதவியை ராஜிநாமா செய்கிறேன் என்று சொன்னேன். இரண்டு பேராவது வேண்டாம் என்று சொல்வார்கள் என்று நினைத்துச் சற்று நின்றேன். சொல்லவில்லை. நஞ்சம்மாவை இருக்கச் சொன்னார்கள். "எனக்கு ஆடு மேய்க்கவே நேரம் பத்தல. மனுசங்க வேறயா?" என்றுவிட்டாள். ஆகவே இப்போது முள்ளுசந்திரத்துக்குத் தலைவர் யாரும் இல்லை. ஏதாவது செய்ய வேண்டுமானால் இன்னது, இன்ன காரணம் என்று சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவர்கள் சரி என்றால் செய்ய வேண்டும். மதகுக்கு முறை வைத்திருக்கிறோம், பாப்பம்மாவும் முறை போடுகிற இடத்தில் உட்காருகிறாள். ஆடுகள் உள்வாயில் மேய்கின்றன, ஓரொரு சமயம் அவரைக்கும் போகின்றன, கரியப்பன் கத்துகிறான், நஞ்சம்மா வந்து ஓட்டிக்கொண்டு போகிறாள். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. வண்டியில் பின்னால் உட்காருகிறேன், முன்னால் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடுகிறது.

ஆகையால் நீ உன் காலேஜ் பிள்ளைகளுக்குத் தைரியமாகச் சொல்லலாம். மத்திகிரிக்கு மேற்கே ஒரு ஊர் இருக்கிறது, அங்கே எவன் வந்து அதிகாரம் செய்தாலும் நீ யார், எதற்கு என்று கேட்காமல் ஒரு துரும்பை அசைக்கமாட்டார்கள், அங்கே ஆணும் பெண்ணும் இனி யாருக்கும் காரணமில்லாமல் தலை வணங்கமாட்டார்கள், அதற்கு என் சொந்த மாமாவே சாட்சி என்று சொல்லு. புத்தகம் எழுதினால் அதிலும் போடு. ஊர்ப் பெயரைச் சரியாகப் போடு, முள்ளுச்சந்திரம் இல்லை, முள்ளுசந்திரம்.

பொங்கலுக்கு நாகம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. சாப்பிட்டபின் தூங்கு. பேச வேண்டும் என்று தோன்றினால் மழை, மாடு, நெல் விலை இவற்றைப் பற்றிப் பேசு. சௌடம்மா உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல், வீடு நிறைய, நெஞ்சு நிறைய வைத்துக் காப்பாளாக. உன் அக்காள் உனக்கு ராகி மாவும் அவரைக்கொட்டையும் கட்டி வைத்திருக்கிறாள், வந்து எடுத்துக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் மாமா,
சென்னகிருஷ்ணன்
(தலைவர் பதவியிலிருந்து விலகியவர்)

பின்குறிப்பு: கடிதத்தை எழுதி முடித்துத் தபாலில் போட எடுத்து வைத்திருந்தேன், அதற்குள் இன்று ஒன்று நடந்துவிட்டது. காலையில் ஒரு ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, தலையில் தொப்பி, கையில் அளவு நாடா. களத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. களத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "அந்த வண்டியை அப்புறப்படுத்துங்க" என்றார். அப்புறப்படுத்தினோம். நாடாவின் ஒரு முனையைக் கரியப்பனிடம் கொடுத்து ஓடச் சொன்னார், ஓடினான். அந்த முள்ளை வெட்டுங்கள், இந்தக் கல்லைப் புரட்டுங்கள், மிச்ச வைக்கோல் போரை அந்தப் பக்கம் தள்ளுங்கள் என்று வரிசையாகச் சொன்னார், வெயில் ஏறும் வரைக்கும் ஊரே சேர்ந்து எல்லாவற்றையும் செய்தது. நஞ்சம்மாவின் ஆடுகள் நடுவில் வந்தன, அவர் கையை அசைத்தார், அவளே ஓட்டிக்கொண்டு ஏரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். எல்லை போட வந்தவர் என்றான் கரியப்பன். புது மணியக்காரர் என்றான் ஆஞ்சப்பன். மைசூரா மதராஸா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் உன் அக்காள் மோர் கொண்டுவந்து கொடுத்தபோது, அவர் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, இடம் பிடித்திருக்கிறது, தை மாதம் முழுக்க இங்கே எங்கள் டூரிங் சினிமாக் கொட்டகை போடுகிறோம், எல்லோரும் தவறாமல் படம் பார்க்க வரவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

ஏன் எழுந்து நின்றாய் என்று உன் அக்காளைக் கேட்டேன். நீங்கள் நின்றீர்கள், அதனால் நின்றேன் என்கிறாள். அவள் நின்றதைப் பார்த்துத்தான் நான் நின்றேன். கரியப்பன் எழுந்து நிற்கவே இல்லை என்று சாதிக்கிறான். சாயங்காலம் ஏரிக்கரையில் நஞ்சம்மாவைப் பார்த்து, உனக்கு என்ன ஆயிற்று, நீயுமா என்று கேட்டேன். அவள் ஓர் ஆட்டைக் கரையிலிருந்து கீழே ஓட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அவரு பூட்சு போட்டிருந்தாரு" என்றாள்.